குடை வரைந்த கை

ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்ற ஆண்கள் முகத்தை மழித்துக்கொண்டிருந்தபோது ரப்பர் தன் வலது கையை மழித்துக்கொண்டிருந்தார். முழங்கைக்குக் கொஞ்சம் கீழே தொடங்கி, விரல் முட்டிகளில் இருக்கும் பூனைமுடி வரை, சோப்பு நுரை போட்டு, ஒரு முடி விடாமல். குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட மறந்ததுதான் தப்பாகப் போயிற்று. மனைவி வந்து நின்றாள். இடது கையைப் பார்த்தாள், அதில் காடு அப்படியே இருந்தது. வலது கையைப் பார்த்தாள்.

"என்னங்க இது கூத்து?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா ஒரு கைக்கு மட்டும் மொட்டை அடிக்கிறீங்க? யாரு அவ?"

ஐம்பத்தோரு வயதில், இந்தத் தொப்பையை வைத்துக்கொண்டு, இப்படி ஒரு கேள்வி தன்னை நோக்கி வரும் என்று ரப்பர் கனவிலும் நினைத்ததில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் மனைவி பதினெட்டு வருடமாக மருந்துக் கடைக் கவுண்டரில் நிற்கிறவள். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துவிடுகிறவளிடம் முகத்தை எங்கே ஒளிப்பது? உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அவர் சொன்னதைச் சொல்வதற்கு முன்னால் அவருடைய பிழைப்பைச் சொல்ல வேண்டும். பல் ஆஸ்பத்திரி ஒன்றின் மேல்மாடியில் இருக்கும் விளம்பரக் கம்பெனியில் அவர் ஓவியர். ஒரு விளம்பரம் படமாகவோ போட்டோவாகவோ ஆவதற்கு முன்னால் அது எப்படி இருக்கும் என்று கையால் வரைந்து காட்டுவது அவர் வேலை. வரைவதில் போகும் நேரத்தைவிட அழிப்பதில் போகும் நேரம் அதிகம். அந்தப் பெண்ணுக்குப் பின்னல் வேண்டாம், கொண்டை போடுங்கள் என்பார் ஒரு வாடிக்கையாளர். கொண்டை போட்டால் வயசானவள் மாதிரி இருக்கிறாள் என்பார் அவருடைய மச்சான். நாயைப் பூனையாக்கு, பூனையை எடுத்துவிடு, பூனை இருந்த இடத்தில் கம்பெனிச் சின்னத்தைப் பெரிதாகப் போடு. இப்படி அழித்து அழித்தே இருபத்தாறு வருடம் ஓடியதில் அவருடைய சொந்தப் பெயர் அழிந்து ரப்பர் என்பது நின்றுவிட்டது. முதலாளி முதல் கீழே பல் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவர் ரப்பர்தான்.

இப்போது அவர் கையை மழிக்கக் காரணமான டிவி சீரியலுக்கு வருவோம். புதன்கிழமைதோறும் மாலை ஏழரை மணிக்கு அது வரும். கதை நடப்பது ஒரு விளம்பரக் கம்பெனியில். அதை எழுதியவர் விளம்பரக் கம்பெனியின் வாசற்படியைக்கூட மிதித்ததில்லை என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்யலாம். ஆபீஸ் முழுக்கக் கண்ணாடி. நாற்காலிக்குப் பதில் மூட்டை மூட்டையாக ஏதோ போட்டு அதில் சாய்ந்து கிடப்பார்கள். நாயகனுக்கு இருபத்தெட்டு வயது, மூன்று நாள் தாடி, முழங்கை வரை சுருட்டிய சட்டை. வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வந்து, "நாளைக்குக் கம்பெனியை மூடப்போறோம், நீங்கதான் காப்பாத்தணும்" என்பார். நாயகன் ஜன்னலோரம் போய் நிற்பான். வயலின் அழும். சட்டென்று திரும்பி, "ஒரு பேப்பர் குடுங்க" என்பான். பிறகு கை மட்டும் தெரியும். இருபது வினாடியில் ஒரு பெண், ஒரு குழந்தை, ஒரு வீடு, வாசலில் நாய். வாடிக்கையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து கை தட்டுவார்.

யாரும் அந்த நாயை எடுக்கச் சொல்வதில்லை. யாரும் "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று பேப்பரைச் சுருட்டிக்கொண்டு போய் மூன்று வாரம் காணாமல் போவதில்லை. பிரிண்டர் இரண்டு தாளைச் சேர்த்து இழுப்பதில்லை. மிச்ச நேரமெல்லாம் எதிரிக் கம்பெனிக்காரன் நாயகனின் ஐடியாவைத் திருடிக்கொண்டிருப்பான். ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்ற கவலை அந்த ஆபீஸில் ஒரு ஆளுக்குக் கிடையாது.

ரப்பரின் மனைவிக்கு ஒரு அக்கா, அடுத்த தெருவில் இருக்கிறார். அவர் வீட்டிலும் டிவி உண்டு. ஆனாலும் புதன்கிழமை இங்கே வந்துதான் பார்ப்பார், ரப்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி.

"ஏன் தம்பி, உங்க ஆபீஸ்ல இப்படியெல்லாம் நடக்காதா?"

"எங்க ஆபீஸ்ல கீழ பல் ராவுற சத்தம் கேக்கும்கா."

"திடீர்னு ஒரு ஐடியா வந்தா என்ன பண்ணுவீங்க?"

"மீட்டிங்குக்குத் தேதி கேப்போம்."

அக்கா உதட்டைப் பிதுக்குவார். தங்கச்சியை ஏதோ டூப்ளிகேட் விளம்பரக் கம்பெனிக்காரனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டோம் என்று அதற்கு அர்த்தம்.

அந்த நாயகனாக நடிப்பவனுக்கு முகம் உண்டு, குரல் உண்டு, நின்றால் ஒரு அழகு உண்டு. ஆனால் வட்டம் போடச் சொன்னால் உருளைக்கிழங்கு போடுவான். சீரியலின் கலை இயக்குநர் முன்பு ரப்பரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து வரைந்தவர். அவர்தான் போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை மட்டும் உன் கையைக் குடுப்பா. வேற எதுவும் வேண்டாம்." ஒரே நிபந்தனை, வெளியே மூச்சு விடக்கூடாது. நாயகன் ஏற்கனவே ஒரு பேட்டியில், சின்ன வயதிலிருந்தே வரைவேன் என்று அள்ளி விட்டிருந்தான். ரப்பருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. வெளி வேலை பார்க்கக்கூடாது என்று அவர் ஆபீஸிலும் சட்டம் உண்டு.

ஒரு கையை டிவியில் காட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. மழிக்க வேண்டும். நரம்பு புடைப்பது தெரியாமல் மேக்கப்காரர் பூசி மெழுகுவார். நாயகனின் கடிகாரத்தைக் கட்டுவார்கள். நாயகனும் கையும் சேர்ந்து தெரிய வேண்டுமென்றால் ரப்பர் அவன் முதுகுக்குப் பின்னால் முழங்கால் போட்டு, அக்குளுக்கு அடியில் கையை நுழைத்து, முன்பே வரைந்து வைத்த கோட்டின் மேல் குருட்டாம்போக்கில் பேனாவை ஓட்ட வேண்டும். அந்த நேரம் முழுக்க அவர் மூக்கு நாயகனின் முதுகில் அழுந்தி இருக்கும். பிறகு மேஜையில் நிதானமாக உட்கார்ந்து வரைவதைத் தனியாகப் படமெடுப்பார்கள். நாற்பது நிமிடம் வரைந்ததை ஓட்டத்தைக் கூட்டி இருபது வினாடியாக்கிவிடுவார்கள்.

இதெல்லாம் தெரிந்த பிறகு மனைவியின் புதன்கிழமையே மாறிப்போனது. கடையில் சீக்கிரம் சொல்லிக்கொண்டு வந்துவிடுவாள். அதுவரை சீரியலை ஏறெடுத்துப் பார்க்காதவள் நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வாள். கை வரும்போது ஒரு தடவை திரையைப் பார்ப்பாள், ஒரு தடவை பக்கத்தில் புருஷன் மடியில் கிடக்கும் கையைப் பார்ப்பாள். அக்காவிடம் சொல்ல நாக்கு துடிக்கும், கடித்துக்கொள்வாள்.

அவளுடைய ஆசையிலும் ஒரு நியாயம் இருந்தது. விளம்பரத்தில் கம்பெனி பெயர் போடுவார்கள், விலை போடுவார்கள், எல்லாக் கிளைகளின் போன் நம்பரையும் போடுவார்கள். வரைந்தவன் பெயரை எங்கேயும் போட மாட்டார்கள். ஒரு தடவை பஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த பிஸ்கட் விளம்பரத்தைக் காட்டி, அது என் வீட்டுக்காரர் வரைந்தது என்று கடையில் கூட வேலை பார்க்கிறவளிடம் சொன்னாள். "பேரு எங்கே போட்டிருக்கு?" என்று அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே பஸ் போய்விட்டது.

வினை குடை ரூபத்தில் வந்தது. ரப்பரின் ஆபீஸுக்குப் பெரிய வாடிக்கையாளர் ஒரு குடைக் கம்பெனி. அதன் முதலாளியம்மாவை எல்லாரும் குடைக்காரம்மா என்பார்கள். அந்தம்மா புதிதாக ஒரு கைப்பிடி கண்டுபிடித்திருந்தார். அது வளைந்து தோளில் கச்சிதமாக உட்காரும், குடையைப் பிடிக்காமலே இரண்டு கையிலும் சாமான் தூக்கிக்கொண்டு மழையில் நடக்கலாம். மழைக்காலம் தொடங்கும்போதுதான் வெளியிடுவதாக ஏற்பாடு, அதுவரை பரம ரகசியம். வெளியே சொல்வதில்லை என்று ஆபீஸில் பதினோரு பேரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார். ரப்பரும் போட்டிருந்தார். ஆறு வாரமாக அவர் அந்தக் கைப்பிடியைத் தவிர வேறு எதையும் வரையவில்லை. ஆண் தோளில், பெண் தோளில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை தோளில், அழித்து, மறுபடி வரைந்து, நானூறு தடவைக்குக் குறையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சீரியலில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி காப்பாற்றப்பட வேண்டியிருந்தது. "மழையில ஒரு பொண்ணு, கையில குடை, அவ்வளவுதான். பார்த்தா மனசு கரையணும்" என்றார் கலை இயக்குநர். ரப்பர் வரைந்தார். பெண்ணின் ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் பை. குடை அவள் தோளில் தானாக உட்கார்ந்திருந்தது. பிரமாதம் என்றார்கள். அவர் கையைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு இழை சந்தேகம்கூட அவருக்குத் தட்டவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் திருட்டு என்று சொல்லலாம். இது வெறும் கைப்பழக்கம், அதனால்தான் வெளியே சொல்ல இன்னும் வெட்கம்.

புதன்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வயலின் அழுதது, கை வந்தது, மழை வந்தது, பெண் வந்தாள். குடை வந்து தோளில் உட்கார்ந்ததும் ரப்பருக்கு அது யாருடைய கைப்பிடி என்று தெரிந்துபோயிற்று.

"பாருங்க தம்பி, அந்தப் பையன் குடையை எப்படிப் போட்டிருக்கான்! கையே இல்லாம நிக்குது. உங்க ஆபீஸ்ல யாருக்காவது இப்படித் தோணுமா?" என்றார் அக்கா.

ரப்பர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். மறுபடி போய்க் குடித்தார்.

மறுநாள் பத்து மணிக்குக் குடைக்காரம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கையில் டிவித் திரையைப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிய தாள். பதினோரு பேரையும் மீட்டிங் அறையில் கூட்டி வைத்து முதலாளி தாளை மேஜையில் போட்டார். கீழே யாருக்கோ பல் ராவிக்கொண்டிருந்தார்கள்.

"நாலு வருஷமா இந்த வளைவுக்காக நான் மண்டையை உடைச்சிருக்கேன்" என்றார் குடைக்காரம்மா. குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "யார் சொன்னதுன்னு நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரியணும். இல்லேன்னா நான் வேற கம்பெனி பார்த்துக்கறேன்."

பதினோரு பேரில் பத்துப் பேரின் கண்ணும் ஒரே பக்கம் போயிற்று. அங்கே விளம்பர வாசகம் எழுதும் பெண் உட்கார்ந்திருந்தாள். அவளோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் தோழிக்கு அந்த சேனலில்தான் வேலை. அடுத்த வாரம் கதையில் என்ன நடக்கும் என்று தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸுக்கே அவள்தான் சொல்வாள்.

"என்னை ஏன் எல்லாரும் பாக்கறீங்க?" என்றாள். "நான் சொல்லல. சத்தியமா சொல்லல."

முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இப்போதைக்கு நீ வீட்டுக்குப் போம்மா. நாளைக்குப் பேசிக்கலாம்."

அந்த நேரத்தில் ரப்பர் நினைத்ததெல்லாம் ஒன்றுதான்: கையால் வரைகிற ஆளை ஐம்பத்தோரு வயதில் வேறு யார் வேலைக்கு எடுப்பார்கள்? அவள் தன் மேஜையிலிருந்து தண்ணீர் பாட்டிலையும் பையையும் எடுத்துக்கொண்டு அழாமல் இறங்கிப் போனாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மாலையில் வீட்டுக்குப் போகாமல் நேராக மருந்துக் கடைக்குப் போனார். கவுண்டரில் ஆட்கள் நின்றார்கள். ஒருவருக்கு இருமல் மருந்து கொடுத்துவிட்டு மனைவி பாதிக் கதையைக் கேட்டாள். இன்னொருவருக்குக் காய்ச்சல் மாத்திரையை வெட்டிக் கொடுத்துவிட்டு மீதியைக் கேட்டாள்.

"அந்தப் பொண்ணை வீட்டுக்கு அனுப்புனப்ப நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பாத்துட்டிருந்தேன்."

மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"புதன்கிழமை எப்ப வரும்னு வாரம் முழுக்க நான் காத்துக்கிட்டு இருக்கேன், தெரியுமா? இருபது செகண்ட். அந்த இருபது செகண்டுக்கு எனக்கு அவ்வளவு கர்வமா இருக்கும். ஆனா அந்தப் பொண்ணுக்கு மட்டும் வேலை போச்சுன்னா, அந்தக் கையால நீங்க தண்ணி குடுத்தாக்கூட நான் வாங்க மாட்டேன்."

"எனக்கு வேலை போனா?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. யாரு இல்லேன்னா?" என்றாள். அதற்குள் ஒரு அம்மாள் வந்து சீட்டை நீட்டினார். "போய் நாளைக்கு முதல் வேலையாச் சொல்லிடுங்க. இப்ப தள்ளி நில்லுங்க, அவங்களுக்கு மறைக்குது."

சீரியலில் இப்படி ஒரு கட்டம் வந்தால் நாயகன் மழையில் நனைந்தபடி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வருவான். ரப்பர் மறுநாள் மீட்டிங் அறைக்குப் போனபோது பிரிண்டர் ரிப்பேர் செய்கிறவர் அங்கே தரையில் பாகங்களைப் பரப்பி வைத்திருந்தார். அவற்றைத் தாண்டித் தாண்டித்தான் மேஜைக்குப் போக வேண்டியிருந்தது. முதலாளி, குடைக்காரம்மா, அந்தப் பெண் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கண் வீங்கியிருந்தது.

"அந்தப் படத்தை வரைஞ்சது நான்தான்" என்றார் ரப்பர். "சீரியல்ல வர்ற கை என் கை."

முதலாளி ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "யோவ் ரப்பர், உனக்கு நல்ல மனசுய்யா. ஆனா பொய் சொல்ல வரல."

"பொய் இல்ல சார்."

"அந்தப் பையன் கை எப்படி இருக்கும், உன் கை எப்படி இருக்கு? போய் வேலையைப் பாரு."

அந்தப் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். "அண்ணா, எனக்காக இப்படியெல்லாம் பண்ணாதீங்க. எனக்கு இன்னும் அசிங்கமா இருக்கு."

இருபத்தாறு வருடம் ஒரு இடத்தில் வேலை பார்த்துவிட்டு, செய்த தப்பைக்கூடத் தன்னுடையது என்று நம்ப வைக்க முடியவில்லையே என்று ரப்பருக்குக் கோபம் வந்தது. அவருக்குக் கோபம் வந்து அந்த ஆபீஸில் யாரும் பார்த்ததில்லை. இரண்டு சட்டைக் கைகளையும் சரசரவென்று மேலே ஏற்றி, கைகளை மேஜைமேல் வைத்தார். இடது கை காடு. வலது கை மொழுமொழுவென்று குழந்தை கை.

கீழே உட்கார்ந்திருந்த பிரிண்டர்காரர் எழுந்து எட்டிப் பார்த்தார்.

"ஒரு பேப்பர் குடுங்க" என்றார் குடைக்காரம்மா, சீரியல் வசனம் போலவே. ஆனால் ரப்பர் இருபது வினாடியில் வரையவில்லை. பென்சிலைச் சீவினார். பெண்ணின் தோளைப் போட்டு அழித்தார், மறுபடி போட்டார். மழையை இரண்டு தடவை அழித்தார். முதலாளி ஒரு போன் வந்து வெளியே போய், பேசி முடித்துவிட்டுத் திரும்பியும் வந்துவிட்டார். குடைக்காரம்மா மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை. கைப்பிடிக்கு வந்தபோது பென்சில் நிற்காமல் ஒரே வீச்சில் போய்த் தோளில் உட்கார்ந்தது. குடைக்காரம்மா டிவித் திரைப் போட்டோவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"வித்தீங்களா?"

"இல்ல மேடம். குடை வரைன்னாங்க. கை அதுவாப் போயிடுச்சு. டிவில பார்க்கறவரைக்கும் எனக்கே தெரியாது."

அந்தம்மா இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். "எங்க ஃபேக்டரியில குடைக்குக் கம்பி கட்டறவங்க இருக்காங்க. வேலையை விட்டுப் போன பிறகும், சும்மா பேசிக்கிட்டு இருக்கும்போது அவங்க விரல் முடிச்சுப் போட்டுக்கிட்டே இருக்கும்" என்றார். பிறகு குரல் மாறியது. "அதுக்காக நீங்க செஞ்சது சரின்னு ஆயிடாது. ஒரு பொண்ணை ஒரு நாள் முழுக்கத் திருடியாக்கி வெச்சிருக்கீங்க."

"ஆமா மேடம்" என்றார் ரப்பர். அந்தப் பெண்ணைப் பார்த்து, "தப்புதாம்மா. நேத்தே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்" என்றார்.

"சொல்லியிருக்கலாம்ல அண்ணா?" என்றாள் அவள். முந்தின நாள் வராத அழுகை இப்போது வந்தது. "ராத்திரி பூரா எங்கம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு யோசிச்சிட்டிருந்தேன்."

ரப்பர் சட்டைக் கைகளை இறக்கிவிட்டுக்கொண்டார்.

குடைக்காரம்மா காரியக்காரர். வெளியீட்டை ஒரு மாதம் முன்னால் இழுப்பதாக அங்கேயே முடிவு செய்தார். அதற்கான படங்களை இவரே வரைய வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. "அப்பதான் இவர் கை வேற எங்கயும் போகாது" என்றார். பிறகு வக்கீலுக்காக ஒரு காகிதம் கேட்டார். நாளைக்கு யாராவது இந்தக் கைப்பிடி எங்களுடையது, டிவியில் பார்த்தோம் என்று கிளம்பினால், டிவியில் வந்ததே தன் குடையைப் பார்த்து வரைந்ததுதான் என்று எழுத்தில் இருக்க வேண்டும். வரைந்தவர் யார், என்ன பெயர், எத்தனை வருடமாக வரைகிறார், எல்லாம் விவரமாக. தப்பையும் தண்டனையையும் அதே காகிதத்தில் எழுதிவிடுங்கள் என்றார்.

அந்த ஆபீஸில் ஒழுங்காக நாலு வாக்கியம் எழுதத் தெரிந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். முதலாளி தயங்கித் தயங்கி அந்தப் பெண்ணிடமே கேட்டார். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு போய் உட்கார்ந்தாள். ஆபீஸ் ஃபைலை வாங்கிப் புரட்டினாள். ஒரு மணி நேரம் கழித்துத் தாளைக் கொண்டுவந்து ரப்பரின் மேஜையில் வைத்தாள். முகத்தில் கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

"உங்க பேரு இவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியாதுண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ரப்பர் படித்தார். முதல் பத்தி அவர் பெயரில் தொடங்கியது, இனிஷியலோடு, அப்பா வைத்தது வைத்தபடி. இந்நிறுவனத்தின் விளம்பரப் படங்களைக் கடந்த இருபத்தாறு ஆண்டுகளாகத் தம் கையால் வரைந்துவருபவர் இவரே என்று இருந்தது. பிஸ்கட், சைக்கிள், மெத்தை, பால்மாவு, குடை என்று ஒன்றுவிடாமல் இருந்தது. மேற்படி தொலைக்காட்சித் தொடரில் வெளியான படத்தை வரைந்ததும் இவரே என்று இருந்தது. இரண்டாவது பத்தி "எனவே" என்று தொடங்கி, நிறுவன விதியை மீறியது, கையெழுத்திட்ட உறுதிமொழியை மீறியது, ஆறு மாதம் கண்காணிப்பு, மீண்டும் நடந்தால் பணிநீக்கம் என்று மளமளவென்று போயிற்று. மூன்று தடவை படித்தார். இரண்டாவது பத்தியை ஒரு தடவைதான் படித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு ஜெராக்ஸ் கிடைக்குமா என்று ஆபீஸ் மேனேஜரிடம் கேட்டார். மெமோ வாங்கின ஆள் ஜெராக்ஸ் கேட்டு மேனேஜர் அதுவரை பார்த்ததில்லை.

சீரியல்காரர்கள் ஒரு வார்த்தை பேசாமல் கையை மாற்றிக்கொண்டார்கள். அடுத்த புதன்கிழமை நாயகன் ஜன்னலோரம் நின்றான், வயலின் அழுதது, வேறு ஏதோ ஒரு கை வந்து ஒரு சோப்பு டப்பாவை வரைந்தது.

"என்னமோ தெரியல, இந்த வாரம் அவன் வரைஞ்சது சவசவன்னு இருக்கு" என்றார் அக்கா. "ஏன் தம்பி, உங்களுக்கு அப்படித் தோணல?"

ரப்பர் மனைவியைப் பார்த்தார். மனைவி எழுந்து உள்ளே போனாள். மெமோவின் ஜெராக்ஸை எடுத்து, "எனவே" தொடங்கும் இடத்துக்கு மேலே நகத்தால் அழுத்தி மடித்து, பின்பக்கம் தள்ளிவிட்டு, அக்காவிடம் நீட்டினாள்.

"என்னடி இது?"

"சத்தமா படிக்கா."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இருபத்தாறு ஆண்டு வந்தது, பிஸ்கட் வந்தது, சைக்கிள் வந்தது. தொலைக்காட்சித் தொடர் என்ற இடம் வந்ததும் நிறுத்தி, டிவியைப் பார்த்தார், ரப்பரைப் பார்த்தார். டிவியில் யாரோ எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கீழ என்ன மடிச்சு வெச்சிருக்கே?"

"அது ஆபீஸ் சமாச்சாரம், உனக்கு வேண்டாம்" என்றாள் மனைவி. ரப்பர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் டிவியின் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பேரை மட்டும் இன்னொரு தடவை படிக்கா."